ராயல் ஆல்பர்ட் மண்டப இசை நிகழ்ச்சி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, வழக்கமான வகுப்புகளுக்குப் பதிலாக, பத்து வயதுக்கு மேற்பட்ட நம் மாணவர்களை இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பிற்பகல் நடைபெறும் சிம்பொனி இசை நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும் என்பதால், காரணத்தையும் எழுதுகிறேன்.

நிகழ்ச்சியின் முற்பகுதி முழுவதும் ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் இயற்றிய ‘கோள்கள்’ என்ற இசைத்தொகுப்பு. அவரும் ஆசிரியர்தான், இதே நகரில், ஹாமர்ஸ்மித்தில் உள்ள பெண்கள் பள்ளியொன்றில் இசை கற்பித்துக்கொண்டே, 1914இல் தொடங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் இதன் ஏழு பகுதிகளையும் எழுதி முடித்தார். முதற்பகுதியான ‘செவ்வாய்’ ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் நடப்பது. சென்ற வாரம் மிருதங்க வகுப்பில் அதை ஒலிக்கவிட்டபோது, ஒரு சிறுவன் யாரும் சொல்லாமலே தொடையில் ‘தகதகிட’ என்று தட்டிவிட்டு, “இது கண்டம்தானே, சேர்?” என்று நம் தாளத்தின் ஐந்தெண்ணிக்கை நடையைப் பெயர் சொல்லிக் கேட்டான். அந்த இடத்தில் வயலின் கலைஞர்கள் வில்லைத் திருப்பி அதன் மரப்பக்கத்தால் தந்தியைத் தட்டுவதை, ஒலிப்பதிவில் அல்லாமல், அவன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இறுதிப் பகுதியான ‘நெப்டியூன்’ முடியும்போது, மேடையில் தென்படாத பெண்கள் குழுவொன்று பக்கத்து அறையிலிருந்து பாட, அந்த அறையின் கதவு மெல்ல மெல்லச் சாத்தப்படுவதால், குரல் எந்தக் கணத்தில் நின்றது என்றே தெரியாமல் கரைந்துபோகும். 1918இல் நடந்த முதல் அரங்கேற்றத்தில் அப்படிப் பாடியவர்களில் ஹோல்ஸ்டின் மாணவியரும் இருந்தனர். இசை நடத்துநர் கையை இறக்கும்வரை எவரும் கைதட்டலாகாது என்பதைப் பிள்ளைகளிடம் தயவுசெய்து வீட்டிலும் சொல்லிவையுங்கள். நம் கச்சேரிப் பழக்கத்தில் இடையிலேயே கைதட்டி, அரங்கு முழுவதும் திரும்பிப் பார்க்க நான் ஒருமுறை நெளிந்திருக்கிறேன்.

பிற்பகுதியில், நெப்போலியன் படையை உருசியா எதிர்கொண்டதன் நினைவாக உருசிய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி 1880இல் எழுதிய ‘1812’ முன்னிசை இடம்பெறுகிறது. அதன் முடிவில் ஆலயமணிகளோடு பீரங்கி முழக்கமும் சேரும். பெருஞ்சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளைகளின் பெற்றோர் முன்கூட்டியே தெரிவித்தால், காதுறை கொடுத்து வாசலோரம் அமர்த்துவோம். போர்ச் சத்தம் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் துணைக்கு வருவதாயின், அவர்களும் இதைக் கருத்தில் கொள்ளவும்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்பட்டு, சவுத் கென்சிங்டன் நிலையத்தில் இறங்கி நடப்போம். ஒப்புதல் படிவத்தை வரும் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கையளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்