விரலில் தெரியும் எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா இரண்டாம் அலையின்போது வாங்கிய, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதமாகக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை இன்றும் பல வீடுகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். யாருக்காவது மூச்சு வாங்கினால் முதலில் அதைத்தான் விரலில் மாட்டிப் பார்க்கிறார்கள். முப்பது ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையில், அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது குறித்து எழுதுகிறேன்.

இக்கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, ஒவ்வொரு நாடித் துடிப்பின்போதும் ரத்தம் அவற்றை உறிஞ்சும் விகிதத்திலிருந்து ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. ஆகவே ஒளியை மறைக்கும் அடர்ந்த நகப்பூச்சும், ரத்த ஓட்டம் குறைந்து சில்லிட்ட விரலும், நடுங்கும் கையும் கணக்கைக் கெடுத்துவிடும். புகையில் சிக்கி மயங்கியவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தாலும், அதையும் ஆக்சிஜனாகவே எண்ணி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும்.

இவற்றைவிட நாம் கவலைப்பட வேண்டியது தோலின் நிறம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தப் பரிசோதனையில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம் என்றால், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். அடுத்த பிப்ரவரியில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமும் எச்சரிக்கை விடுத்தது. கறுத்த தோலுடையவர்கள் மிகுந்த நம் மாநிலத்தில் இதைப் பற்றிய பேச்சே எழாதது எனக்கு வேதனை அளிக்கிறது.

2021 மே மாதத்தில், ஒரு வாக்கியத்தைக்கூட ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத ஒருவரை, கருவி 94 காட்டியது என்பதற்காக ஒரு மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே அவரை எங்கள் வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். அவருடைய மூச்சை யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இத்தனைக்கும், நிமிடத்துக்கு 24 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குவதே கொரோனா முற்றுவதற்கு அடையாளம் என்று அவ்வாண்டு எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்லியிருந்தது.

எனவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆக்சிமீட்டர் எண்ணுடன் ஒரு முழு நிமிட மூச்சு எண்ணிக்கையையும் நோயாளியின் சீட்டில் கட்டாயமாக எழுத வேண்டுமென சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். கருவிப் பெட்டிகளில் இக்குறைபாடுகளைத் தமிழில் அச்சிடவும் வகை செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.