அந்த ஒரு வரி இடைவெளி எங்கே போனது? புனைவு நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். அண்மையில் மறுபதிப்பு கண்ட ஒரு நாவலில், முந்தைய அத்தியாயத்தில் இறந்துபோன அப்பா, மகள் கதவைச் சாத்திவிட்டுப் படுத்த அடுத்த வரியிலேயே தண்ணீர் கேட்கிறார். இதை மாய யதார்த்தம் என்று மெச்சியவர்களும் உண்டு. உண்மையில் அங்கே ஒரு வரி இடைவெளி இருந்திருக்க வேண்டும். கதை பல வருடங்கள் பின்னே போகிற இடம் அது. முதல் பதிப்பில் விழுந்த பிழை, அட்டையை மட்டும் மாற்றிய இரண்டாம் பதிப்பிலும் அப்படியே இருக்கிறது. எந்த நூல், எந்தப் பதிப்பகம் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு நூலோடு முடிகிற விஷயமாக இருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

இது எப்படி நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். எழுத்தாளர் காட்சி மாறும் இடத்தில் என்டரை இரண்டு முறை தட்டிவிட்டுப் போகிறார். கோப்பு, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனுக்கு வந்ததும், தேவையற்ற வெற்று வரிகளை நீக்க ஒரே சொடுக்கில் எல்லா இரட்டை என்டரும் ஒற்றையாகின்றன. தேவையற்றது எது, கதைக்குத் தேவையானது எது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

அதில் தப்பியவை ஃபாரக் கணக்கில், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதிகளின் கணக்கில், மாட்டுகின்றன. நூல் 244 பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 பக்க ஃபாரம் 15 என்றால் 240. மிச்சம் நான்கு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட யாருக்கும் மனம் வராது, நியாயம்தான். பக்கத்துக்கு 28 வரி என்பதை 29 ஆக்கினால் 236க்குள் அடங்கிவிடும். ஆனால் எழுத்தாளர் மெய்ப்பு (புரூஃப்) பார்த்து, பிழை திருத்தி ஒப்புதல் தந்த பிறகுதான் பெரும்பாலும் இந்த வேலை நடக்கிறது. வரிகள் நகர்ந்ததும் சில இடைவெளிகள் பக்கத்தின் கடைசி வரியில் போய் விழுகின்றன. அங்கே அது இடைவெளியாகவே தெரியாது. பக்கத்தைப் புரட்டும் வாசகர் வேறொரு காலத்துக்குள் நுழைந்துவிட்டதை அறியாமலே படித்துக்கொண்டு போகிறார்.

கேட்பது இரண்டுதான். காட்சி மாற்றத்தை வெற்று வரியாக விடாதீர்கள், குறியாகப் போடுங்கள். பக்கங்கள் இறுதியான பிறகு இன்னொரு முறை மெய்ப்புப் பாருங்கள்.

இதற்குப் பெரிய செலவில்லை. கோப்பை வாங்கும்போதே ஒவ்வொரு காட்சி மாற்றத்திலும் ### என்று போட்டுத் தரும்படி எழுத்தாளரிடம் கேட்கலாம். வெற்று வரிகளை நீக்கிய பின், அந்த ### அனைத்தையும் தனி பத்தி ஸ்டைலுக்கு, அதாவது முன்பே வகுத்துவைத்த பத்தி அமைப்புக்கு, மாற்ற வேண்டும்: நடுவில் மூன்று நட்சத்திரம், மேலும் கீழும் சற்று இடம், அடுத்த பத்தியைவிட்டுப் பிரியாதபடி ஒரு கட்டளை. அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பில் குறிகளை எண்ணுங்கள். மூலக்கோப்பில் 61 என்றால் இங்கும் 61 இருக்க வேண்டும். சில நிமிட வேலை.

மின்னூலில் நிலைமை இன்னும் மோசம். வெற்றுப் பத்திகள் பல நேரம் மின்னூலாக மாற்றும்போதே உதிர்ந்துவிடுகின்றன. எழுத்தளவை வாசகரே கூட்டிக் குறைப்பதால் எது எந்தப் பக்கத்தில் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கோ வெற்று வரி பெரும்பாலும் காதில் விழுவதே இல்லை. இத்தனைக்கும் வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். விதிமுறையில், பேசுபொருள் மாறுவதைக் காட்டும் எச்.ஆர். என்ற குறிக்குத் தரப்படும் உதாரணமே கதையில் காட்சி மாறுவதுதான். வலைத்தளம் கட்டுபவர்களுக்கு இருக்கிற கரிசனம்கூட நாவல் போடுகிறவர்களிடம் இல்லையென்றால் என்ன சொல்வது?

சுயமுன்னேற்ற நூல்களில் ஐந்து வாக்கியத்துக்கு ஒரு உள்தலைப்பு, பத்து வாக்கியத்துக்கு ஒரு பெட்டி, அத்தியாய முடிவில் சாரம். வாசகர் வழி தவறிவிடக் கூடாதென்று அத்தனை அக்கறை! நாவலுக்கு உள்தலைப்பும் கிடையாது, அட்டவணையும் கிடையாது. அத்தியாயத்துக்குள் அதற்கிருக்கும் ஒரே வழிகாட்டி அந்த இடைவெளி, அதையும் பிடுங்கிக்கொண்டு, "புனைவை இப்போது யார் சார் படிக்கிறார்கள்?" என்று நீங்களே கேட்கிறீர்கள். புரியாமல் பாதியில் மூடி வைத்தவர் அடுத்த நாவலை வாங்குவாரா? எடிட்டர் இல்லாமல் வரும் நாவல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுகோள் பழையதுதான்: காட்சி மாற்றத்துக்கு ஒரு குறி, இறுதிப் பக்கங்களுக்கு இன்னொரு மெய்ப்பு. மேலே சொன்ன நாவல் மூன்றாம் பதிப்புக்குப் போகுமானால், பழைய பிடிஎஃப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பாமல், எழுத்தாளரின் மூலக்கோப்போடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாவல் வாசகர்கள் சிலர்