முதலில் முன்வரிசையைப் பார்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளியும் காய்ச்சலுமாக இருந்ததால் பதில் எழுதத் தாமதமாயிற்று. இப்போது எல்லோரும் தேறிவிட்டோம். உன் மகன் கல்லூரி வாழ்க்கையில் ஒன்றிவிட்டான் என்பதும், சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றைக்கூட விடுவதில்லை என்பதும் மகிழ்ச்சி. அப்பனைப் போலத்தானே பிள்ளை இருப்பான்.

அவன் பல்கலைக்கழகத்துக்குப் புதிய பயிற்சியாளர் வந்திருப்பதைப் பற்றி நீ எழுதிய இரண்டு பக்கங்களையும் கவனமாகப் படித்தேன். பழையவர் இரண்டு டைட் எண்ட்களையும் (முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்கிறவர்கள்) ஒரு ஃபுல்பேக்கையும் (பந்தோடு ஓடுகிறவருக்கு முன்னே இடித்து வழி திறப்பவர்) வைத்துக்கொண்டு இடித்து முன்னேறும் ஆட்டத்துக்கு ஆள் சேர்த்தவர். புதியவரோ வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் நான்கு பேரை மைதானத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்திப் பந்தை வீசுகிறவர். வீட்டில் இருக்கும் அரிசியைப் பார்த்துத்தான் உலை வைக்க வேண்டும், ஆகவே பயிற்சியாளர்தான் தம் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நீ முடித்திருந்தாய். பாதி ஒப்புக்கொள்கிறேன். எந்த வீரருக்காக மாற்றிக்கொள்ள வேண்டும், எந்த வீரருக்காக மாற்றத் தேவையில்லை என்பதில்தான் எனக்கு உன்னோடு வேறுபாடு. ரிசீவர்களும் ஓட்டக்காரர்களும் எந்த முறைக்கும் ஒரே பருவத்தில் பழகிவிடுவார்கள் என்பதையும், முன்வரிசையில் எதிரணியைத் தடுத்து நிற்கும் ஐந்து பேரின் உடம்பும், பந்தை வாங்கி வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் தோளும் அவ்வளவு எளிதில் பழகா என்பதையும் அட்லாண்டாவில் இருந்துகொண்டு இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

முதல் முறை 2008. இங்குள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் சான் கெய்லியை நீக்கிவிட்டு, கடற்படைக் கல்லூரியிலிருந்து பால் ஜான்சனைக் கொண்டுவந்தது. கெய்லியின் ஆட்டம் என்.எஃப்.எல். என்னும் தொழில்முறைப் போட்டியின் பாணி. ஜான்சனுடையது டிரிபிள் ஆப்ஷன்: குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஒருவர், இரு பக்கமும் சிறகுகள்போல இருவர், எதிரணியில் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டு, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, பந்தை நடுவில் ஓடுகிறவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா, வெளியே ஓடுகிறவருக்கு எறிவதா என்று ஓடும்போதே முடிவெடுக்கிற ஆட்டம். ராணுவக் கல்லூரிகளுக்கு வெளியே இது எடுபடாது, இருக்கிற பையன்களுக்கு இது ஒத்துவராது என்றுதான் இங்கே பேச்சு. அந்த ஆண்டு ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி. ஏழு ஆண்டுகளாகத் தங்களைத் தொடர்ந்து வென்றுவந்த ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை அதன் ஊரான ஏதென்ஸிலேயே 45-42 என்று வென்றார்கள்.

அப்படி வென்றவர்கள் யார்? ஜோஷ் நெஸ்பிட், ஜானதன் ட்வையர், டிமேரியஸ் தாமஸ் ஆகிய மூவரும் கெய்லி சேர்த்துவைத்த பையன்கள். நெஸ்பிட் தாக்குப்பிடித்து ஓடக்கூடிய குவார்ட்டர்பேக். பழைய முறையில் அவர் ஓட்டம் ஒரு கூடுதல் வசதி, புதிய முறையில் அதுவே மூலதனம். ட்வையர் நடுவில் இடித்து ஓடி 2008-இல் 1,395 யார்டு (பந்தோடு முன்னேறிய தூரம்) எடுத்தார். தாமஸின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பந்தை அரிதாகவே வீசுகிற அணியில் ஒரு ரிசீவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தோன்றும். ஆனால் டிரிபிள் ஆப்ஷனைத் தடுக்க எதிரணி தன் ஆட்களைப் பந்து வைக்கப்படும் கோட்டுக்கு அருகே குவித்தாக வேண்டும். அப்போது ஓரத்தில் நிற்கும் ஆறடி மூன்றங்குலக்காரரைக் காக்க ஒருவர்தான் மிஞ்சுவார். 2009-இல் தாமஸ் பிடித்தவை 46 பந்துகள்தான், எடுத்ததோ 1,154 யார்டு, ஒரு பிடிக்குச் சராசரி 25 யார்டு. அடுத்த ஆண்டு என்.எஃப்.எல். அணியான டென்வர், புதுவீரர் தேர்வில் அவரை முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. (33 வயதில் அவர் காலமான செய்தியை 2021-இல் படித்தபோது மனம் மிகவும் கனத்துவிட்டது.)

எல்லோருக்கும் இடம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். 2007-இல் தொடக்க குவார்ட்டர்பேக்காக ஆடிய டெய்லர் பென்னட் நின்ற இடத்திலிருந்து வீசுகிறவர். அவர் லூசியானா டெக்குக்குப் போய்விட்டார். பொருத்தம் பார்க்கும்போது இப்படி ஒருவராவது வெளியே நிற்க நேர்கிறது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இரண்டாம் முறை 2019. ஜான்சன் பதினோரு பருவங்களுக்குப் பிறகு ஓய்வு பெற, டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்து ஜெஃப் காலின்ஸ் வந்தார். ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தும் ஸ்பிரெட் முறையைக் கொண்டுவந்தார். முந்தைய மாற்றத்தைத் தலைகீழாகத் திருப்பியதுபோலத்தான் தெரிந்தது, ஆனால் திரும்பும் வழி அவ்வளவு எளிதாக இல்லை. முந்தைய பருவத்தில் பிளாக்ஸ்பர்க்கில் வர்ஜீனியா டெக்கை 49-28 என்று வென்றபோது ஜார்ஜியா டெக் பந்தை வீசியது ஒரே ஒரு முறை, அதையும் யாரும் பிடிக்கவில்லை. அன்று டோபையஸ் ஆலிவர் என்ற குவார்ட்டர்பேக் 40 முறை பந்தோடு ஓடி 215 யார்டு எடுத்தார். அப்படிப்பட்ட அணியின் முன்வரிசை எப்படி இருக்கும் என்று எண்ணிப்பார். உடல் இளைத்து, தாழ்ந்து பாய்ந்து, எதிராளியின் தொடைக்குக் கீழே மோதி விழவைக்கப் பழகியவர்கள். பந்து வீசும் அணியில் முன்வரிசைக்காரர் பின்னோக்கிக் கால் வைத்து, கைகளால் எதிராளியைத் தள்ளி நிறுத்தி, மூன்று நொடி தாங்க வேண்டும். அதற்கு வேறு எடை, வேறு கால்பழக்கம். டைட் எண்ட் என்ற இடமே ஜான்சனின் ஆட்டத்தில் கிடையாது. அதற்கு வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியிருந்தது. ஆலிவர் பிறகு ரிசீவராகவும் தற்காப்பிலும் ஆடினார். அந்த ஆண்டு மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. கீழ்ப்பிரிவைச் சேர்ந்த சிட்டடல் கல்லூரி, ஜார்ஜியா டெக்கின் மைதானத்திலேயே கூடுதல் நேரத்தில் 27-24 என்று வென்றுவிட்டுப் போனது, அதுவும் டிரிபிள் ஆப்ஷன் ஆடி! அன்று இங்கே பலர் முகத்தில் ஈயாடவில்லை.

காலின்ஸுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் அந்த முதல் ஆண்டைக் காட்டுவார்கள். முதல் ஆண்டை நானும் மன்னிக்கிறேன். ஆனால் தாம் சேர்த்த பையன்களோடு 2021-இல் ஆடியபோதும் அதே மூன்று வெற்றி, ஒன்பது தோல்விதான் வந்தது. பொருத்தமின்மை என்பது ஓரிரு ஆண்டுக்குத்தான் காரணமாகும், அதற்குமேல் அது சாக்குதான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஊரான ஆன் ஆர்பரில் நீ கண்ணால் பார்த்த பயிற்சியாளர் ரிச் ராட்ரிகெஸ் கதையையும் நீ சான்றாகக் காட்டியிருந்தாய். அதில் நான் சற்று மாறுபடுகிறேன். 2008-இல் மிச்சிகன் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி என்று விழுந்ததையும், 33 ஆண்டுகள் தொடர்ந்த பௌல் ஆட்டங்களின் (பருவ முடிவில் தேறிய அணிகளுக்குக் கிடைக்கும் சிறப்பு ஆட்டங்கள்) வரிசை அறுந்ததையும் அவருடைய ஸ்பிரெட் முறையின் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர் வந்தபோது மிச்சம் இருந்தவர்கள் யார்? குவார்ட்டர்பேக் சாட் ஹென்னியும் ஓட்டக்காரர் மைக் ஹார்ட்டும் படிப்பை முடித்துவிட்டார்கள். முன்வரிசையின் தூணான ஜேக் லாங் அந்த ஆண்டு என்.எஃப்.எல். தேர்வில் முதல் ஆளாகப் போனார். ரிசீவர்கள் மானிங்ஹாமும் ஆரிங்டனும் ஓராண்டு முன்னதாகவே கிளம்பினார்கள். நின்று வீசும் ரயன் மாலெட் ஆர்கன்ஸாவுக்கு மாறிக்கொண்டார். மாலெட்டை இழந்ததற்கு வேண்டுமானால் புதிய முறையைக் குற்றம் சொல்லலாம். மற்றபடி அங்கே பொருந்தாத வீரர்கள் இருந்தார்கள் என்பதைவிட, பொருத்திப் பார்க்கத் தேறிய வீரர்களே இல்லை என்பதுதான் உண்மைக்கு அருகில். பழைய முறையையே வைத்திருந்தாலும் அந்த ஆண்டு தேறியிருக்காது என்பது என் கணக்கு.

மூன்றாம் ஆண்டில் குவார்ட்டர்பேக் டெனார்ட் ராபின்சன் அந்த முறைக்கென்றே பிறந்தவர்போல 1,702 யார்டு ஓடினார். அதே 2010-இல் தற்காப்பு ஓர் ஆட்டத்துக்கு 35 புள்ளிகள் விட்டுக்கொடுத்ததால் ராட்ரிகெஸ் வேலையை இழந்தார். அடுத்து வந்த பிரேடி ஹோக் பழைய பாணிக்காரர். ஆனால் டெனார்ட் கையில் இருக்கும்போது அந்தப் பாணியை முழுமையாகத் திணிக்கவில்லை. அவருடைய உதவியாளர் ஆல் போர்ஜஸ் இரண்டையும் கலந்தார். டெனார்ட் 15 முறை பந்தை எதிரணிக்கு வீசித் தொலைத்தாலும் 1,176 யார்டு ஓடினார். தற்காப்புப் பயிற்சியாளர் கிரெக் மாட்டிஸன் கையில் தற்காப்பு 17 புள்ளிகளுக்கு இறங்கியது, அதில் பெரும்பாலோர் முந்தைய ஆண்டின் அதே பையன்கள். 11 வெற்றி, 2 தோல்வி, சுகர் பௌலும் கைக்கு வந்தது. நீ சொல்லும் அரிசிக்கேற்ற உலை இதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹோக் தாம் விரும்பிய பையன்களைச் சேர்த்த பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார். 2013-இல் முன்வரிசை இளசாக இருந்ததால், மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக ஓட்டத்தில் கழித்தல் 48 யார்டு! விரும்பிய பாணிக்கு ஏற்ற குவார்ட்டர்பேக் கிடைத்தாலும் முன்னால் நிற்கிறவர்கள் தாங்கவில்லை என்றால் எந்த முறையும் நிற்காது.

இப்போது ஆட்களை மாற்றிக்கொள்வது எளிதாகிவிட்டதே என்று நீ கேட்பாய். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்களின் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது. 2021-இலிருந்து ஓராண்டு உட்காராமலேயே வேறு பல்கலைக்கழகத்தில் ஆடலாம் என்றாகிவிட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு 2022 இறுதியில் பயிற்சியாளராக வந்த டியான் சாண்டர்ஸ் ஏறக்குறைய முழு அணியையுமே கலைத்துப் புதிதாகச் சேர்த்தார்; குவார்ட்டர்பேக்கான மகன் ஷெடூரையும் டிராவிஸ் ஹன்டரையும் தம்மோடு அழைத்து வந்தார். 2023-இல் முதல் மூன்று ஆட்டங்களிலும் வெற்றி, கடைசியில் கணக்கு நான்குக்கு எட்டு. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம்: அந்தப் பருவத்தில் ஷெடூர் 52 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். ரிசீவரை ஒரு குளிர்காலத்தில் சேர்த்துவிடலாம். ஒருவர் தோள் அசைவை அடுத்தவர் அறிந்து நகரும் ஐந்து பேரை அப்படிச் சேர்க்க முடிவதில்லை.

ஆகவே உன் மகனின் அணியைப் பற்றி என் எண்ணம் இது. அந்த இரண்டு டைட் எண்ட்களை நினைத்துக் கவலைப்படாதே. அவர்களில் வேகமானவரை உள்பக்க ரிசீவராக நிறுத்தினால் சிறிய தற்காப்பாளர்களுக்குத் தலைவலிதான். ஃபுல்பேக்குக்கு இடம் இருக்காது, அவர் தற்காப்பில் லைன்பேக்கராக மாறுவார் அல்லது வேறிடம் தேடுவார். இடித்து முன்னேறிப் பழகிய கனத்த முன்வரிசை, பந்தை விரைவாக வீசிவிடுகிற குவார்ட்டர்பேக் கிடைத்தால் முதல் ஆண்டு சமாளித்துவிடும். நீண்ட நேரம் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் கிடைத்தால் சமாளிக்காது. பயிற்சியாளர் தம் முறையில் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் அந்த நெடுந்தூர வீச்சுகளைத்தான். நான்கு ரிசீவர்களைப் பரப்பி நிறுத்துவதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

வசந்தகாலப் பயிற்சிக்கு அவர்களுக்குக் கிடைப்பது பதினைந்து நாள்தான். முடிவில் நடக்கும் காட்சி ஆட்டத்துக்கு நீ போவதாக எழுதியிருந்தாய். போனால் யார் எத்தனை டச்டவுன் போட்டார் என்பதை விட்டுவிடு. முன்வரிசையின் இடது ஓரமான இடது டாக்கிளில் யாரை நிறுத்துகிறார்கள், பழையவரா போர்ட்டலில் வந்தவரா, குவார்ட்டர்பேக் பந்தை வீச எத்தனை நொடி எடுக்கிறார் என்பவற்றை மட்டும் பார்த்து எனக்கு எழுது. தங்கைக்கும் மகனுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்