தீர்ப்புக்கு நிற்கும் வழக்குகளைப் பட்டியலிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி அதிபரின் ஆணைக்கே தடை போடுகிறார் என்ற செய்திகளைப் படித்துவிட்டு, நம் மாவட்ட நீதிபதிகளுக்கும் அங்குபோல ஆயுட்காலப் பதவி கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் வேலூரிலும் இருக்கிறார்கள்.

அந்தப் பதவி வரும் வழியையும் பார்க்க வேண்டும். தேர்வு கிடையாது. அதிபர் பெயரைச் சொல்வார், எஃப்.பி.ஐ. விசாரிக்கும், செனட்டில் பெரும்பான்மை கிடைத்தால் நீதிபதி. சொந்த மாநில செனட்டர்கள் தங்கள் சம்மதத்தைக் காட்டும் நீலச் சீட்டைத் திருப்பித் தராவிட்டால் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. 2023-இல் நியூயார்க் தென் மாவட்ட நீதிபதியான அருண் சுப்ரமணியன் அதுவரை தனியார் சட்ட நிறுவனத்தில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தவர். இங்கே டி.என்.பி.எஸ்.சி. எழுதி சிவில் நீதிபதியாக வருபவர் எந்த அரசியல் கட்சிக்காரர் வாசலையும் மிதிக்க வேண்டியதில்லை. இதை விட்டுவிட்டு அதைக் கேட்பது சரியல்ல.

அங்கிருந்து எடுக்க வேண்டியது வேறு. வழக்கு தாக்கலானதும் குலுக்கலில் ஒரு நீதிபதிக்குப் போகும். பெரும்பாலும் முடியும்வரை அவரிடமே இருக்கும். எதிர்வாதிக்குச் சம்மன் சேர்ந்த 90 நாள் அல்லது அவர் ஆஜரான 60 நாள், எது முந்தியதோ அதற்குள் கால அட்டவணை போட்டாக வேண்டும். இருதரப்பு வக்கீல்களும் பேசிவைத்துக்கொண்டு அதைத் தள்ளிப்போட முடியாது.

இதைவிட முக்கியம் அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த பட்டியல். ஆறு மாதம் தாண்டிய இடைமனுக்கள் (வழக்கின் நடுவே போடும் மனுக்கள்), விசாரணை முடிந்து ஆறு மாதமாகியும் தீர்ப்பு வராத வழக்குகள், மூன்றாண்டு கடந்த சிவில் வழக்குகள் எல்லாம் மார்ச் 31, செப்டம்பர் 30 நிலவரப்படி நீதிபதியின் பெயரோடு வெளியாகும். யாரும் வேலையைப் பறிக்கப்போவதில்லை. ஆனாலும் அந்தத் தேதிகள் நெருங்கும்போது உத்தரவுகள் மளமளவென்று வரும்.

நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 20, விதி 1 தீர்ப்புக்கு 30 நாள் தருகிறது. அசாதாரணக் காரணம் இருந்தால் 60. கட்டளை 17 ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது. மூன்று வாய்தாவில் முடிந்த பாகப்பிரிவினை வழக்கை யாராவது காட்டட்டும்!

சிக்கல் பெரிதாவது நீதிபதிகளின் கோடை இடமாறுதலில்தான். வாதம் கேட்டு, தீர்ப்புக்கு ஒத்திவைத்த நிலையில் நீதிபதி மாறிப்போனால், எழுதி வைத்த தீர்ப்பை மட்டுமே அடுத்தவர் வாசிக்கலாம். எழுதாமல் போயிருந்தால், பதிவான சாட்சியத்தை அப்படியே எடுத்துக்கொண்டாலும், வாதத்தை மறுபடி கேட்டாக வேண்டும். வழக்காடுபவர் மீண்டும் நடையாய் நடப்பார்.

நீதிபதியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அங்கே மாவட்ட நீதிபதிக்கு, முந்தைய தீர்ப்புகளை ஆராய்ந்து வரைவு எழுத, சட்டம் படித்த உதவியாளர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. இங்கே பகலெல்லாம் சாட்சி விசாரணை, பிறகு ஸ்டெனோவுக்கு டிக்டேஷன், வீட்டுக்குப் போய்த் திருத்தம். காட்பாடி சட்டக் கல்லூரியில் படித்து வெளிவரும் இளைஞர்களை ஊதியம் கொடுத்து ஓராண்டு இந்த வேலையில் அமர்த்தலாம்.

அதுபோன்ற பட்டியலை இங்கும் வெளியிடப் புதுச்சட்டம் வேண்டாம். அரசியலமைப்பின் 235-ஆவது பிரிவில் உயர்நீதிமன்றத்துக்குள்ள நிர்வாக அதிகாரமே போதும். நீதிபதியின் பெயர் போடத் தயக்கம் என்றால் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், வாதம் முடிந்த தேதி மட்டும் போடட்டும். ஆனால் மாறுதல் உத்தரவுக்கு முன்னால், மார்ச்சிலேயே வர வேண்டும். ஜூனில் ஒட்டினால் யாருக்கும் பயனில்லை.

சிவில் வழக்கறிஞர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.