இருபது வயது சிட்டி விடெக்கும் பத்தாயிரம் ரூபாய்க் கட்டணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்க மத்திய அரசு வாங்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆனதிலிருந்து, பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் வைத்திருப்பவர்கள் பலர் வண்டியைத் தள்ளிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். அதே வண்டியைத் தேடி அலையும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பத்தாயிரம் என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. மாதக் கணக்கில் பார்த்தால் நூற்றெழுபது ரூபாய்கூட ஆகாது. இந்தக் காரில் பணத்தை விழுங்குபவை வேறு: தப்பான ஆயில், குழாய்த் தண்ணீர், கோளாறு என்னவென்று பார்க்காமலே மாற்றப்படும் உதிரி பாகங்கள்.

சிட்டி இந்தியாவுக்கு வந்தது 1998 ஜனவரியில். 2000-களின் தொடக்கத்தில் அதே உடலில் வந்த 1.5 விடெக் 106 குதிரைத்திறன் தந்தது. 2003-ல் அதன் இடத்தைப் பிடித்த அடுத்த தலைமுறையின் ஐ-டிஎஸ்ஐ இன்ஜினுக்கு வெறும் 77. மைலேஜ் கூடியது, ஓட்டுகிற சுகம் போயிற்று. இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திலும் கோவை கரி ஓடுதளத்திலும் டூரிங் கார் பந்தயங்களில் பழைய விடெக் அத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் உண்டு. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். டர்போ கிடையாது, ஆக்சிலரேட்டர் கேபிளில் இயங்குவது, மிதித்த அளவுக்கு உடனே பதில் வரும். உட்காருமிடம் தாழ்வு, தூண்கள் மெலிவு, நாலு பக்கமும் கண்ணாடி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஓட்டிப் பாருங்கள், விலை பலமடங்கான புதிய வண்டிகளில் இது கிடைக்காது. நகர நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு இன்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் உருட்டினால் இது சாதாரண, கொஞ்சம் மந்தமான கார்தான். அதை மறைப்பதற்கில்லை.

விடெக் என்பது மாயமல்ல, இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது வால்வுகளை அதிகமாகத் திறக்கவைக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வு. வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டான கேமில், உள்ளிழுக்கும் இரண்டு வால்வுகளும் தாழ்ந்த மேடுகளில் ஓடும். நடுவே உயர்ந்த மேடு ஒன்றும் அதற்கென்று ஒரு ராக்கர் ஆர்மும் (மேட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்) சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 5,000 சுற்றில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, ஆயில் வழியில் இருக்கும் மின்வால்வான சொலினாய்டைத் திறக்கிறது. ஆயில் அழுத்தம் சிறு ஊசிகளைத் தள்ளி மூன்று ராக்கர்களையும் ஒன்றாகப் பூட்டுகிறது. அதன்பின் உயர்ந்த மேடு சொல்வதுதான் சட்டம். ஆகவே இந்த வண்டியின் வேகம் ஆயிலில் இருக்கிறது. சேம்பரில் பிடிப்பது ஃபில்டரோடு மூன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவே. அதில் அரை லிட்டர் குறைந்தாலே கணிசமான குறைவு. வாரம் ஒருமுறை, சமதளத்தில், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். 10டபிள்யூ-30 போதும். 'பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது, அந்தச் சிறு ஊசிகள் உள்ள இன்ஜினுக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

5,000 தாண்டியும் இழுவை மாறவில்லை, செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது என்றால், சொலினாய்டை மாற்றச் சொல்வதற்கு முன் அதைக் கழற்றி, கேஸ்கட்டோடு இருக்கும் சல்லடையைப் பாருங்கள். ஆயில் கசடு அடைத்திருக்கும். சல்லடையைக் கழுவி, கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கோளாறு பார்க்க ஸ்கேனர்கூட வேண்டாம். டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு முனை கொண்ட சர்வீஸ் கனெக்டர் ஒன்று தொங்கும். அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். செக் இன்ஜின் விளக்கு மின்னி எண் சொல்லும். நீண்ட மின்னல் பத்து, குறுகியது ஒன்று. 21 என்றால் விடெக் சொலினாய்டு, 22 என்றால் அதன் ஆயில் அழுத்த ஸ்விட்ச், 4, 8, 9 ஆகியவை ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார்கள். 22 வந்தால் முதலில் ஆயில் அளவு. இரண்டு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் 'இசியு போயிருச்சு' என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள்.

சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியை எடுக்கும்போது செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கதவைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் கழித்து அடித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். இதற்காக எத்தனை பெட்ரோல் பம்ப்புகள் காரணமே இல்லாமல் மாற்றப்பட்டிருக்கும் என்று கணக்கெடுத்தால் தலை சுற்றும். பெரும்பாலும் குற்றவாளி டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலே. உள்ளே இருக்கும் ஈயப் பற்றுகளில் முள்ளைச் சுற்றி வட்டமாக முடி அளவு விரிசல் விழுந்திருக்கும். சூட்டில் அது விலகி, பம்ப்புக்கு மின்சாரம் போகாது. சோதனை எளிது. சாவியை 'ஆன்' செய்ததும் பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடி பம்ப் முனகல் கேட்க வேண்டும். சூட்டில் கேட்கவில்லை, ஆறியபின் கேட்கிறது என்றால் ரிலேயைக் கழற்றி, மூடியை நெம்பி, பூதக்கண்ணாடியில் பற்றுகளைப் பார்த்து, எல்லாவற்றையும் மறுபடி பற்றவைக்கச் சொல்லுங்கள். டிவி பழுதுபார்ப்பவரே செய்துவிடுவார்.

முனகல் கேட்டும் பிடிக்கவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போக வேண்டும். அதற்குள் இருக்கும் இக்னைட்டரும் காயிலும் சூட்டில்தான் கைவிடும். மூடியைத் திறந்ததும் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே பேரிங் அரைபடுகிறது என்று அர்த்தம், கொஞ்ச நாளில் இறுகிவிடும். ஆயில் தேங்கியிருந்தால் தண்டின் உள்சீல் போயிருக்கிறது. வெளியே ஹெட்டின் ஓரமாக வழிந்தால் அது வெறும் ஓ-ரிங். இந்த வித்தியாசம் தெரியாமல் பல இடங்களில் முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றிவிடுகிறார்கள்.

கிராங்கையும் கேமையும் இணைத்துச் சுழற்றும் டைமிங் பெல்ட்டில் மட்டும் கருமித்தனம் கூடாது. ஒரு லட்சம் கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு, எது முந்துகிறதோ அது. மீட்டரில் 60,000 காட்டும் வண்டியில்கூட ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும், ஹெட்டைக் கழற்றாமல் வண்டி எழாது. பெல்ட்டோடு அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் ஒரே நேரத்தில் மாற வேண்டும். வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதே இந்தப் பெல்ட்தான் என்பதால், பம்ப் ஒழுகினால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டிவரும், கூலியும் இரட்டிப்பு.

வழக்கமாகத் தப்பு நடப்பது இரண்டு இடத்தில். கிராங்க் புல்லியில் தனியாக இருக்கும் ஒற்றைக் கோடுதான் முதல் சிலிண்டர் உச்சியில் இருப்பதைக் காட்டுவது, அதில் வெள்ளை பூசியிருக்கும். பக்கத்தில் கூட்டமாக இருக்கும் மூன்று கோடுகள் இக்னிஷன் டைமிங்குக்கு, நடுவில் உள்ளது சிவப்பு. இருபது ஆண்டில் வண்ணம் உதிர்ந்துவிடும், அவசரத்தில் கூட்டத்தில் ஒன்றைப் பிடித்துப் பெல்ட் மாட்டிவிடுவார்கள். வண்டி ஓடும், ஆனால் பிக்கப் இருக்காது, ஐடிலிங் நடுங்கும். கேம் புல்லியில் 'அப்' என்ற எழுத்து உச்சியில் நின்று, இருபுறக் கோடுகளும் ஹெட்டின் மேல்விளிம்போடு மட்டமாக இருக்க வேண்டும். இரண்டாவது தப்பு, இந்த இன்ஜின் புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும் என்பதை மறப்பது. பெல்ட் மாட்டியபின் டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, கிராங்கை இடஞ்சுழியாக, கேம் புல்லியில் மூன்று பல் நகரும் அளவு திருப்பினால் ஸ்பிரிங்கே சரியான இழுவையைக் கொடுக்கும். அந்த நிலையில் போல்ட்டை 45 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, ஸ்குரூடிரைவரால் நெம்பி இழுவை வைக்கும் கைப்பக்குவம் இங்கே செல்லாது.

டேப்பெட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது, 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. ஃபீலர் கேஜில் இன்டேக் 0.18 முதல் 0.22 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.27. இன்ஜின் 38 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும். மே மாதத்தில் இதற்கு ஒரே வழி, முந்தின நாளே வண்டியை விட்டுவிட்டு மறுநாள் அதிகாலையில் வேலையைத் தொடங்கச் சொல்வது. சத்தமே வரக் கூடாது என்று இறுக்கி வைக்கிற வழக்கம் இருக்கிறது. லேசாக டிக் டிக் என்று கேட்கும் வால்வு கெடாது. சத்தமில்லாமல் இறுகியிருக்கும் எக்ஸாஸ்ட் வால்வுதான் சீட்டில் சரியாக உட்காராமல் கருகிப்போகும். கேஸ் கிட் மாட்டி ஓட்டிய வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்படிப்பட்ட வண்டியை வாங்காமலிருப்பதே நல்லது.

சூடு ஏறுவது இந்த அலுமினிய ஹெட்டுக்கு ஆகாது. போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து பாதிக் குழாய்கள் அடைந்திருக்கும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக வெளுத்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம், விரிசல் விட்டு நடுவழியில் நிறுத்தும். கூலன்ட், தொழிற்சாலையிலேயே கலந்து வருவதை வாங்குங்கள். இல்லையேல் கூலன்ட்டும் டிஸ்டில்டு தண்ணீரும் பாதிக்குப் பாதி. நிரப்பும்போது ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டால்தான் காற்று வெளியேறும். காற்று தங்கினால் ஐடிலிங் 1,000-க்கும் 2,000-க்கும் இடையே ஏறி இறங்கும். அதைப் பார்த்துவிட்டுத் திராட்டில் பாடியைக் கழுவுவதில் பயனில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மூரில் இன்னும் போகவில்லை. அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராது, வராவிட்டால் இசியு விடெக்கைத் திறக்காது.

கியர்பாக்ஸுக்கு ஹோண்டாவின் எம்டிஎஃப் ஆயில்தான். வழக்கமான கியர் ஆயிலான ஈபி 90 ஊற்றினால் காலையில் இரண்டாம் கியர் கல்போல் இருக்கும், சின்க்ரோனைசர் தேயும். பவர் ஸ்டீயரிங்குக்கும் ஹோண்டா திரவமே வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான சிவப்பு ஏடிஎஃப் அதன் சீல்களைக் கெடுத்துவிடும். பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, டாட் 3 அல்லது டாட் 4.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அந்த அளவை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் தரத்துக்கு மாற்றுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். அதிகம் ஓடாத வண்டியில் டேங்க்கைக் கால்வாசியில் வைத்து மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

உதிரி பாகங்களில் இன்ஜின் சாமான்கள் பெரும்பாலும் கிடைக்கின்றன. சிக்கல் ஹெட்லைட், பம்பர், கதவு ரப்பர், உள்ளலங்காரம் ஆகியவற்றில்தான். சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் கழற்றிய சாமான் தேடலாம். லைட், கண்ணாடி, ஏன் டிஸ்ட்ரிபியூட்டரைக்கூடப் பழசாக வாங்கலாம், கனெக்டர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டால். பெல்ட், ஹோஸ், பிரேக் சாமான் எதையும் பழசாக வாங்கவே கூடாது. அலாய் வீலுக்கும் சத்தமான சைலன்சருக்கும் செலவழிக்கும் பணத்தை முதலில் பெல்ட், ரேடியேட்டர், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் என்ற வரிசையில் போடுங்கள். சைலன்சரை மாற்றினால் புதுப்பிக்கும் சோதனையில் மறுபடி பழையதைத் தேடவேண்டியிருக்கும்.

வாங்குகிறவர்கள் குளிர்ந்த இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுப் பிறகு ரேஸ் விடும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல், அது தாங்கும் செலவு. சாலையில் முழுதாக மிதித்து இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங், வேறு வண்டி பாருங்கள். நியூட்ரலில் கிளட்ச்சை விட்டால் கேட்டு, மிதித்தால் அடங்கும் இரைச்சல் கியர்பாக்ஸ் முன் பேரிங். ஆயில் சேம்பரின் அடியில் நெளிவு இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள், தாழ்ந்த வண்டி, நம் வேகத்தடைகள் உயரம். பின்சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, இரண்டு இடத்திலும் துரு பார்க்க வேண்டும்.

இன்ஜின் எண்ணை ஆர்சியோடு ஒப்பிடுவது கட்டாயம். இந்த உடலில் வேறு ஹோண்டா இன்ஜினை இறக்கிய வண்டிகள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் இல்லாத மாற்றம், புதுப்பிக்கும் நாளில் வந்து நிற்கும். மலிவாக வரும் டெல்லி வண்டிகளிடமும் கவனம் தேவை. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே தடை உத்தரவு இருப்பதால்தான் அந்த விலை. அங்குள்ள ஆர்டிஓ தரும் தடையின்மைச் சான்றான என்ஓசியைக் கையில் வாங்கி, அதை இங்குள்ள ஆர்டிஓவில் காட்டி ஏற்பார்களா என்று கேட்டபின்தான் முன்பணம். 2003-ல் பதிவாகி முறையாகப் புதுப்பித்துவந்த வண்டியானால் அடுத்த கெடு 2028. புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 25-ஐ, கெடு முடிய 60 நாள் இருக்கும்போதே கொடுக்கலாம். பசுமை வரி தனி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.