ஐயா, அது குப்பை இல்லை, மூடாக்கு

மதிப்பிற்குரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். எந்தப் பள்ளி என்று இந்த மடலில் எழுதவில்லை. எழுதினால் முதலில் விளக்கம் கேட்டு ஓலை வருவது தலைமையாசிரியருக்கும் அறிவியல் டீச்சருக்கும்தான். சேர்வராயன் மலையடிவாரத்துப் பள்ளி. புரட்டாசியில் நீங்கள் ஆய்வுக்கு வந்து, வகுப்பறைகளுக்குப் பின்பக்கம் நின்று, "என்ன இது, ஒரே குப்பையா கிடக்கு" என்று சொன்ன பள்ளி. பத்தாம் நாள் பேவர் பிளாக் ஏற்றிய லாரி வந்துவிட்டது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டு எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு கொடுத்த மனு ஒன்றரை வருடமாகத் தூங்குகிறது. பத்தே நாளில் கல் வந்த வேகத்துக்கு உங்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஐயா, அது குப்பை இல்லை, மூடாக்கு. மண் காயாமல் இருக்க அதன் மேல் பரப்பும் தழைப் போர்வை. கிளைரிசிடியா தழை, வாழை மட்டை, ஏற்காட்டிலிருந்து இறங்கும் டெம்போக்காரரிடம் கேட்டு வாங்கிய காப்பித் தோல். என் மகளும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை போட்டுப் போட்டு, கடப்பாரை இறங்காத சரளை மண்ணைக் கையால் கிளறும் பதத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 40 அடி நீளம், 12 அடி அகலம். அவ்வளவுதான் இடம். கொடிக்கம்பத்தைச் சுற்றிப் போட்ட கல் இருக்கட்டும், பார்க்க நன்றாகவே இருக்கிறது. பின்பக்கத்து 40 அடியில் போட்டதை மட்டும் பெயர்த்து, எங்கள் மண்ணைத் திருப்பிக் கொடுங்கள். இந்த மடலில் கேட்பது இது ஒன்றுதான்.

அங்கே என்ன இருந்தது என்று அன்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டீச்சர் வாயைத் திறந்தார், உங்களுக்கு நேரமாகிவிட்டது. அதனால் இப்போது நான் சொல்கிறேன்.

டீச்சர் மூன்று மூங்கில் குச்சிகளை ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி கட்டி, உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டார். கயிறு குறுக்குக் குச்சியின் நடுவில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அதை அடிமேல் அடியாக நகர்த்தி, பிள்ளைகள் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு நேராக வரவில்லை, பாம்பு மாதிரி வளைந்தது. அந்தக் கோட்டில்தான் குழி வெட்டினார்கள். மட்டமான குழியில் தண்ணீர் ஓடாது, நிற்கும், நின்று மண்ணுக்குள் இறங்கும். மிஞ்சினால் வழிய ஓரத்தில் கல் அடுக்கிய ஒரு வாய். கரையில் முருங்கை, பப்பாளி, துவரை, தரையில் சர்க்கரைவள்ளி. கைகழுவும் தண்ணீர் போகும் இடத்தில் வட்டமாக ஒரு வாழைக் குழி.

இதற்குப் பெர்மாகல்ச்சர் என்று பெயர். 1970-களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரன் என்ற இருவர் உருவாக்கியது. மோலிசன் 1987-ல் இந்தியாவுக்கே வந்து பாடம் எடுத்திருக்கிறார். இதையெல்லாம் மகள் வீட்டில் ஒப்பித்தபோது என் மாமனார், "சமமட்ட வரப்புக்கு அங்கிருந்தா பேர் வாங்கிட்டு வந்தாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனால் அவர் எங்களுக்குச் சொல்லித்தராததை டீச்சர் சொல்லித்தந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

குழி வெட்டியதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் போட்ட படம். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பார்ப்பது. டொனெல்லா மெடோஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதைக் குளியல் தொட்டியை வைத்து விளக்குவாராம். எங்கள் பிள்ளைகளுக்குக் குளியல் தொட்டி தெரியாது, சின்டெக்ஸ் தெரியும். எங்கே நிறைகிறது, எங்கே காலியாகிறது, நடுவில் எவ்வளவு நிற்கிறது. பள்ளிக் கூரை 200 சதுர மீட்டர். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு ராத்திரியில் 10,000 லிட்டர். ஒரு பெண் அதே தாளில் டேங்கர் லாரியையும் வரைந்தாள். லாரி வந்தால் கிணற்றை எல்லாரும் மறந்துவிடுவார்கள், மறந்தால் கிணறு வற்றும், வற்றினால் இன்னொரு லாரி என்று வட்டமாக அம்பு போட்டாள். ஏழாம் வகுப்புப் பெண் ஐயா. சேலத்தின் தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

எதற்காக இதை ஆரம்பித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மூன்று கோடைக்கு முன் பள்ளிக் கிணற்றில் மோட்டார் போட்டால் 20 நிமிடம்தான் தண்ணீர். மதியச் சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவினால் தொட்டி காலி. அதற்குப் பிறகு பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் ஒரு சொட்டு இருக்காது. என் மகள் காலையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போவாள், சாயங்காலம் அப்படியே கொண்டுவருவாள். ஏன் குடிக்கவில்லை என்று நான்தான் திட்டினேன். குடித்தால் போக வேண்டிவரும் அம்மா என்றாள். பெரிய வகுப்புப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கே வரமாட்டார்கள். சித்திரை வெயிலில், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, காலை எட்டு மணியிலிருந்து நான்கரை மணிவரை தண்ணீர் குடிக்காமல் கணக்குப் பாடம் படித்தது.

குழி வெட்டிய இரண்டாம் கோடையில் தொட்டி மூன்று மணிவரை தாங்கியது. குழியால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்த வருடம் மழையும் பரவாயில்லை. ஆனால் கூரைத் தண்ணீர் முழுக்கக் கிணற்றுக்கு மேல்பக்கம் நின்று இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். இந்த ஐப்பசியில் அதே தண்ணீர் உங்கள் கல்லில் வழுக்கிக்கொண்டு, பாதி சத்துணவுக் கூடத்துக்குள்ளும் பாதி ரோட்டுச் சாக்கடைக்கும் போனதையும் பார்த்தேன். கைகழுவும் தண்ணீர் இப்போது கல் மேல் தேங்கி நிற்கிறது. போன வாரம் பிள்ளைகளைக் கொசு ஒழிப்பு உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றுதான் எடுத்தார்கள்.

ஜூன் 5 வந்தால் மரக்கன்று, புகைப்படம். தேர்வில் "சுற்றுச்சூழலைப் பாதுகாக்கும் வழிகள் யாவை?" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி. மழைநீர் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கிய மாநிலம் இது. இந்த மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பிடிக்காமல் பாலத்தில் நிற்க முடியாது. இந்த நகரத்தின் குடிதண்ணீருக்காக 1911-ல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரியில் சீமைக்கருவேலம் வளர்ந்தது. இதெல்லாம் பார்ப்பவர்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியவில்லை. இரண்டு கூடை வாழை மட்டை தெரிந்திருக்கிறது.

சரி, இதெல்லாம் உங்கள் கோப்பில் வராது. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். பாம்பு வரும் என்று நீங்கள் பயந்திருக்கலாம், அதில் தவறில்லை. மூடாக்கைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுகிறோம். ஆய்வுக்கு வருபவர்கள் காலில் சேறு படாமல் நடக்க மூன்றடிப் பாதைக்குக் கல்லை அப்படியே விட்டுவிடலாம். மீதிக் கல்லை வீணாக்க வேண்டாம். சத்துணவுக் கூடத்துக்குப் போகும் சகதி வழிக்குப் போட்டுக்கொள்கிறோம். அந்த 40 அடி மண்ணை மட்டும் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். பாடவேளையில் பிள்ளைகள் அங்கே வேலை செய்யலாம் என்று ஒரு வரி எழுத்தில் கொடுத்தால், அடுத்த முறை டீச்சர் வாயைத் திறந்து பேசுவார்.

செலவு எதுவும் இல்லை. கடப்பாரை எங்களிடமே இருக்கிறது. உத்தரவு மட்டும் கார்த்திகை மழை முடிவதற்குள் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாய்