டொரன்டோ அக்காவுக்கு: அந்த 55-வது நகர்த்தலை மறுபடி பார்ப்போம்

அன்புள்ள அக்கா,

இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். 2024 டிசம்பர் 12, குகேஷ் - டிங் லிரென் உலக செஸ் பட்டப் போட்டியின் 14-வது ஆட்டம், நம் குழு வழக்கம்போல வீடியோ அழைப்பில் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் காத்திருந்த அந்த ஒரு நிமிஷத்தை நான் கெடுத்துவிட்டேன். "பரவாயில்லப்பா" என்று எழுதிவிட்டுப் போனீர்கள். எனக்கு அது பரவாயில்லை என்று ஆகவே இல்லை.

சிங்கப்பூரில் ஆட்டம் மாலை 5 மணிக்கு. திருநெல்வேலியில் எனக்கு மதியம் 2:30, சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு உட்கார்ந்தால் போதும். லண்டன் தம்பிக்குக் காலை 9, மெல்போர்ன்காரருக்கு இரவு 8. உங்களுக்குத்தான் விடிகாலை 4. மூன்று ஆட்டத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று 14 ஆட்டங்கள், ஒன்றைக்கூட நீங்கள் விடவில்லை. பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று விளக்குப் போடாமல், மைக்கை அணைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறை மேசையில் இருப்பீர்கள். வீடியோ அழைப்பில் உங்கள் கட்டத்தில் மடிக்கணினி வெளிச்சம் பட்ட முகம் மட்டும் தெரியும். முதல் ஆட்டத்தில் குகேஷ் தோற்றபோது அந்த முகம் குனிந்ததை நான் பார்த்தேன்.

அதே வருஷம் ஏப்ரலில் உலகச் சாம்பியனோடு மோதப்போவது யார் என்று தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி உங்கள் ஊரிலேயே நடந்தது. அப்போது ராக்கண் விழித்தது நாங்கள். அங்கே பகல் 2:30 என்றால் இங்கே நள்ளிரவு 12. முதல் சுற்றில் எத்தனை குழப்பம்! "5-ஆம் தேதி 12 மணி" என்று நான் போட, கோயம்புத்தூர் அண்ணன் 5-ஆம் தேதி ராத்திரி வந்து நின்றார். முதல் சுற்று தொடங்கியே ஒரு நாள் ஆகியிருந்தது. அப்புறம்தான் "வியாழன் ராத்திரி தூங்காமல் இருங்கள்" என்று எழுதப் பழகினேன். நேரத்தை எண்ணாக மட்டும் சொன்னால் யாராவது ஒருவர் கண்டிப்பாகத் தவறுவார். அவரவர் ஊர்க் கிழமையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, 14-வது ஆட்டத்துக்கு வருகிறேன். இருவரும் 6.5 - 6.5. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா என்றுதான் நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். சமநிலையானால் ஆடும் வேக ஆட்டங்களான டைபிரேக் எப்போது என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் வீடியோவைப் பார்க்க, நான் மட்டும் பக்கத்தில் நகர்த்தல்களைக் காட்டும் இன்னொரு பக்கத்தையும் திறந்து வைத்திருந்தேன். அதில் நகர்த்தல் முதலில் வந்துவிடும். வீடியோ பின்னாலேயே வரும், எல்லோரிலும் கடைசியாக உங்கள் வீட்டில். 55-வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டால் மூலையில் கிடக்கும் அவருடைய பிஷப்பும் தப்பாது, மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் குகேஷுக்குத்தான். எனக்குக் கை நடுங்கியது. "ஜெயிச்சாச்சு!!!" என்று தட்டிவிட்டேன்.

உங்கள் திரையில் டிங் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்ததுதான் பார்க்க வேண்டியது. அது பிழை என்று புரிந்த நொடியில் குகேஷின் கண்கள் விரிந்ததும், அந்தப் பதினெட்டு வயதுப் பையன் தன்னை அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததும். 14 விடிகாலை எழுந்த உங்களுக்கு அது தானாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு பார்த்தீர்கள். இனி நம் குழுவில் ஒரே விதிதான்: யாருடைய திரை கடைசியாக ஓடுகிறதோ அவர் நகர்த்தல் எண்ணை எழுதும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஆட்டம் தொடங்கியதும் ஒருமுறை எல்லோரும் தங்கள் திரையில் ஆட்டக் கடிகாரம் காட்டும் நேரத்தைச் சொன்னால் யார் பின்தங்கியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். நகர்த்தல் மட்டும் காட்டும் பக்கத்தை யாரும் திறக்க வேண்டாம், முதலில் நானே அதை நிறுத்துகிறேன்.

போன நிமிஷத்தை நான் திருப்பித் தர முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். வரும் சனிக்கிழமை அந்தக் கடைசி ஒரு மணி நேரப் பதிவைச் சேர்ந்து பார்ப்போமா? இங்கே மாலை 7, சிங்கப்பூரில் இரவு 9:30, லண்டனில் மதியம் 2:30. மெல்போர்ன்காரருக்கு இரவு 11:30 ஆகிறது, கேட்டேன், "அக்காவுக்காக இருக்கிறேன்" என்றார். உங்களுக்குக் காலை 9:30. வெளிச்சத்தில், காபியோடு, மைக்கைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். பிள்ளைகளும் வரட்டும். தோற்றவர் கைகொடுத்துப் போன பிறகு, குகேஷ் அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்குவானே, அதை அவர்கள் பார்க்க வேண்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நீங்கள் எண்ணுங்கள். நீங்கள் சொன்ன பிறகுதான் நாங்கள் பட்டனை அழுத்துவோம்.

அன்புடன்,
உங்கள் திருநெல்வேலித் தம்பி